நிரலில் தேடும் பிழை வயரில் இருக்கலாம்

பள்ளி ரோபோ மன்றங்களில் நிரல் எழுதக் கற்றுத் தருகிறோம். சென்சர், மோட்டார் பொருத்தக் கற்றுத் தருகிறோம். அவற்றை இணைக்கும் வயரின் முனையை எப்படித் தயாரிப்பது என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கற்றுத் தருவதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டே உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் திட்டப்பணிகளுக்கு உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வயரின் முனைக்கும் பாடநேரம் ஒதுக்க வேண்டும்.

மேசைமேல் நன்றாக ஓடும் ரோபோ போட்டித் திடலில் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாணவர்கள் உடனே மடிக்கணினியைத் திறந்து நிரலைத் திருத்தத் தொடங்குவார்கள். வயரை லேசாக அசைத்தால் போதும், ரோபோ மறுபடியும் ஓடும். ஜம்பர் வயர்கள் பிரெட்போர்டில் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்றவை. அவற்றில் பூட்டு கிடையாது. வெறும் உராய்வில்தான் நிற்கின்றன. அதிர்ந்து ஓடும் வண்டியில் அவற்றை நம்புவது நியாயமில்லை.

கனெக்டர் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு மின்னோட்டம் போகும்? வயர் அசையுமா? தலைகீழாகச் செருக வழியுண்டா?

சென்சர் சமிக்ஞைகளுக்கு 2.54 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட 'டூபான்ட்' வகை போதும். அசையும் இடங்களில் ஜேஎஸ்டி எக்ஸ்எச் வகை மேல். இறுக்கமாக உட்காரும், ஒரு பக்கமாகத்தான் செருக முடியும். ஆனால், கடையில் 'ஜேஎஸ்டி' என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். அதன் கனெக்டர்களில் பல வகைகள் உண்டு. எக்ஸ்எச் வகையில் முனைகளுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர், பிஎச் வகையில் 2 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. எக்ஸ்எச் 3 ஆம்பியர் வரையிலும் பிஎச் 2 ஆம்பியர் வரையிலும் தாங்கும். அதுவும் தகுந்த தடிமனுள்ள வயரைப் பயன்படுத்தினால்தான். பெரிய மோட்டார்களுக்கும் அவற்றின் பேட்டரிக்கும் எக்ஸ்டி60 போன்றவை வேண்டும். அவற்றில் வயரைச் சால்டர் செய்ய வேண்டும்.

பேட்டரியோடு வரும் இருமுனைக் கனெக்டர்களில் கூடுதல் கவனம் தேவை. எந்தப் பக்கம் நேர்முனை என்பதில் விற்பனையாளர்களிடையே ஒற்றுமை இல்லை. கனெக்டர் சரியாகச் செருகிக்கொள்ளும், மின்சுற்று கருகிப்போகும். மல்டிமீட்டரால் சோதிக்காமல் புதிய பேட்டரியைச் செருகவே கூடாது.

அடுத்தது கிரிம்ப் செய்வது. கனெக்டரின் உலோக முனையில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க வேண்டும். பின் ஜோடி வயரின் பிளாஸ்டிக் மேலுறையைப் பிடிக்க வேண்டும். முன்னது மின்சாரத்துக்கு, பின்னது இழுவையைத் தாங்குவதற்கு. சிறிய முனைகளுக்கு மேலுறையை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உரித்தால் போதும். சரியான அச்சு கொண்ட கருவியால் அழுத்தும்போது இழைகளும் உலோகமும் இடைவெளியின்றி நெருங்கி ஒன்றாகின்றன. காற்றும் ஈரமும் உள்ளே புக இடமில்லை. நம் ஊரின் ஈரப்பதத்துக்கு இது முக்கியம். சாதாரணக் குறடு இறக்கைகளைத் தட்டையாக நசுக்குமே தவிர, இழைகளைச் சுற்றிச் சுருட்டிப் பிடிக்காது. அந்த இணைப்பு இன்று வேலை செய்யும். ஒரு மாதம் கழித்துச் செய்யுமா என்பது சந்தேகம்.

தளர்ந்த இணைப்பினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 0.1 ஓம் தடை இருக்கிறது, 5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. அதோடு 2.5 வாட் வெப்பம் ஓர் அரிசி அளவு இடத்தில் சேர்கிறது. கட்டுப்பாட்டுப் பலகை காரணமின்றி மறுதொடக்கம் ஆவதற்கு அந்த மின்னழுத்த இழப்பே போதும். பிளாஸ்டிக் கூடு இளகும் அளவுக்கு அந்த வெப்பம் ஏறலாம். பக்கத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரி இருந்தால், அது மதிப்பெண் பிரச்சினை மட்டுமல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

"எல்லாவற்றையும் சால்டர் செய்துவிட்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மின்பலகையில் சால்டர் நல்லதுதான். அசையும் வயரில் அது இழைகளுக்குள் ஊறி விறைப்பாகிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். திருகு முனையங்களிலும் சால்டர் பூசிய வயர் கூடாது. அழுத்தத்தில் சால்டர் மெல்ல நகர்ந்து பிடி தளரும். அங்கே ஃபெரூல் என்ற உலோகக் குழாயை வயர் முனையில் கிரிம்ப் செய்வதே முறை. விண்வெளித் துறையிலும் கிரிம்ப் இணைப்புகளை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். நாசாவின் 8739.4 என்ற எண்ணுள்ள தரநிலை அவற்றையும் உள்ளடக்குகிறது.

கருவிக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால், ஆளுக்கொன்று தேவையில்லை. ராட்சட் வகைக் கிரிம்ப் கருவி ஒன்று மன்றத்தில் இருந்தால் போதும். முழு அழுத்தம் கிடைக்கும் வரை அது பிடியை விடாது. அதனால் புதியவர்கள் செய்தாலும் தரம் பெருமளவு சீராக வரும். முனைகளையும் கூடுகளையும் சிம் லிம் டவர் கடைகளில் தேடலாம். ஓரிரு திட்டப்பணி மட்டும் செய்பவர்கள், ஏற்கெனவே கிரிம்ப் செய்த வயர்களை வாங்குவதிலும் தவறில்லை.

கருவி கிடைத்ததும் பழைய வயர் துண்டுகளில் பத்து முனைகளைச் செய்து பாருங்கள். முன் இறக்கைகளுக்கு அப்பால் இழைகளின் நுனி சற்றுத் தெரிய வேண்டும். பின் இறக்கைகள் மேலுறையைக் கவ்வியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் வெட்டியெறிந்து புதிதாகச் செய்யுங்கள். மறுபடி நசுக்கிச் சரிக்கட்டாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திட்டப்பணி மதிப்பீட்டில் வயரிணைப்புக்கென ஒரு சிறு பங்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். ரோபோ ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், மூடியைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மாணவர்கள் அந்த முனைகளை அக்கறையோடு செய்வார்கள்.