நாப்பதுல டாப்பு போடச் சொல்ற மாமாக்களுக்கு

எங்க ஊர் அறந்தாங்கியில வண்டி ஓட்டத் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் ஒரே மந்திரம்தான். "நாப்பதுல டாப்பைப் போட்ரு தம்பி, மைலேஜ் கொட்டும்." என்ன வண்டின்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டாங்க!

எங்க மாமா அம்பாசடர் டீசல்ல பழகினவர். அதுல டர்போ கிடையாது, மெதுவா சுத்தும்போதே இழுக்கும், மொத்தம் நாலே கியர். அவர் சொன்னது அந்த வண்டிக்கு சரி. ஆனா அம்பாசடர் உற்பத்தி 2014-லயே நின்னு போச்சு மாமா!

இப்ப வீட்ல நிக்கிறது பழைய டீசல் ஸ்விஃப்ட். 1248 சிசி, டர்போ, அஞ்சு கியர். இதோட முழு இழுவையும் நிமிஷத்துக்கு 2000 சுத்து வாக்குலதான் வரும். நாப்பதுல அஞ்சாவதைப் போட்டா இஞ்சின் ஆயிரத்தை ஒட்டித் திணறும், டர்போ தூங்கும். புதுக்கோட்டை ரோட்ல பஸ்ஸை ஓவர்டேக் பண்ண ஏறி, பாதியில வண்டி இழுக்காம, எதிர்ல லாரி வந்த அனுபவம் எனக்கு உண்டு. அப்பவும் மாமா "ஆக்சிலேட்டரை அமுக்குடா"ன்னுதான் கத்துனார். மூணாவதுக்கு இறக்குன்னு சொல்லல.

இதே ஸ்விஃப்ட்ல 1.2 பெட்ரோல் வண்டிக்கு முழு இழுவை வர 4000 சுத்து ஆகும். அதை ஓட்டிட்டு வந்தவன் டீசலையும் அலற விடுறான். ரெண்டு பேருமே வண்டியைக் கேக்கறதில்ல.

இன்னொரு கொடுமை, நியூட்ரல். போன வருஷம் கொல்லிமலை போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது மாமா நியூட்ரலைத் தட்டிட்டார், டீசல் மிச்சமாம். பின்சீட்ல அத்தையும் ரெண்டு குட்டிப் பசங்களும். பாதி மலையில பிரேக் கருகுற வாடை, பெடல் உள்ள உள்ள போகுது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்னோம். யாரும் பேசல.

அவர் மிச்சம் பிடிச்சது என்ன தெரியுமா? ஒண்ணுமில்ல. கார்புரேட்டர் காலத்துல ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். இப்ப உள்ள வண்டிகள்ல கியர்ல இருந்தபடியே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, கம்ப்யூட்டரே எரிபொருளை நிறுத்திடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுத்தும், இஞ்சின் வண்டியைப் பிடிச்சு வைக்கும். நியூட்ரல்லதான் இஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிக்கும். அதாவது காசும் போச்சு, பிரேக்கும் போச்சு.

ஆஃப் பண்றதுக்கு முன்னாடி "ஒரு ரேஸ் குடு"ன்னு ஒரு சாங்கியம் வேற! டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான். ரேஸ் குடுத்த கையோட சாவியைத் திருப்பினா ஆயில் நின்னுடும், அது மட்டும் காய்ஞ்சு சுத்தும். நீளமா ஓட்டி வந்தா ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆஃப் பண்ணுங்கய்யா.

டிரைவிங் ஸ்கூலும் சளைச்சதில்ல. நான் கத்துக்கிட்டது ஒரே ஒரு மாருதி 800-ல. ரெண்டாவது கியரைத் தாண்டாமலே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டேன் :) மத்திய மோட்டார் வாகன விதி 15-ஐப் படிச்சுப் பாருங்க. இறக்கத்துல சட்டுனு கீழ் கியருக்கு மாத்தத் தெரியணும்னு டெஸ்ட்லயே இருக்கு. கடற்கரைப் பக்கத்துச் சமவெளியில இறக்கத்துக்கு எங்க போறதுன்னு கேட்டா, மேம்பாலத்துல கூடவா சொல்லித் தர முடியாது?

அடுத்த மாசம் வால்பாறை போகலாம்னு வீட்ல பேச்சு. நாப்பது வளைவு. சாவி என் கையில இருந்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன். மாமா இன்னும் பதில் சொல்லல.