ஒரு வீடு தனியாகக் காக்க இயலாது

கல்லீரல் நோய்ப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர்களைக் காண்பது இன்று எங்களுக்குப் புதிதன்று. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர்க்கோவை, இரத்த வாந்தி என்று வருகிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டதால் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் தொற்றி வருவோரும் உண்டு. பழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், பலரும் பள்ளிப் பருவத்தையே குறிப்பிடுகிறார்கள். நோய் எங்களிடம் வந்து சேருவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, அதைத் தடுப்பதற்கு உரிய காலம் கடந்துவிடுகிறது.

உடன் வரும் தாய் தந்தையர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எங்கள் வளர்ப்பில் என்ன குறை?" அந்தக் கேள்வியின் வேதனையை நாங்கள் அறிவோம். ஆயினும், பழி முழுவதையும் ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்தும் அந்தக் கேள்வி பொருத்தமானதன்று என்பதே எங்கள் கருத்து. பதினைந்து வயதுப் பிள்ளை நாளின் பெரும்பகுதியைப் பள்ளியிலும் தெருவிலும் நண்பர்களோடும் கழிக்கிறான். அவனைச் சூழ்ந்திருக்கும் ஊர் தன் பொறுப்பை ஏற்காதபோது, ஒரு வீடு மட்டும் தனித்து நின்று அவனைக் காக்க இயலாது. ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வார்டிலும் பெற்றோர், ஆசிரியர், வணிகர், காவல்துறை, சுகாதாரப் பணியாளர் ஆகியோர் இணைந்த நிலையான தடுப்புக் குழு ஒன்று வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறோம்.

தொடங்கும் வயது ஏன் முக்கியம்?

தன்னை அடக்கிக்கொள்ளவும் விளைவை எண்ணிப் பார்க்கவும் துணைபுரியும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தையும் பரபரப்பையும் நாடும் பகுதியோ அதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. இந்த இடைவெளியில் நுழையும் போதைப்பொருள் எளிதில் வேரூன்றிவிடுகிறது. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களிடம், இருபது வயதுக்குப் பின் தொடங்கியவர்களைவிட, வாழ்நாளில் குடிநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதென அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. இளமையிலேயே குடிக்கத் தூண்டும் வறுமை, குடும்பச் சச்சரவு போன்ற காரணங்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். எனினும், தொடக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைப்பதே பெரும் பயன் தரும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை.

அச்சுறுத்தினால் போதுமா?

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று உறுதிமொழி எடுக்கிறார்கள், பேரணி நடத்துகிறார்கள், சுவரொட்டிப் போட்டிக்குப் பரிசு வழங்குகிறார்கள். கருகிய நுரையீரலின் படத்தைக் காட்டச் சொல்லி எங்களையும் அழைக்கிறார்கள். இவை தீங்கற்றவை; ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983இல், காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவியது. அதன் பழைய பாடமுறையை ஆய்ந்தவர்கள், அது மாணவர்களின் போதைப் பழக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்று பல முறை எடுத்துக்காட்டினர். அறிவுரையைக் கேட்டுவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அதே பெட்டிக்கடை, அதே வெறுமையான மாலைப்பொழுது, அதே நண்பர் கூட்டம் காத்திருந்தால் அறிவுரை என்ன செய்யும்?

ஊர் கூடினால் என்ன ஆகும்?

ஐஸ்லாந்து நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் சிறிய நாடு. 1998ஆம் ஆண்டு அங்கே 15, 16 வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியதாகத் தெரிவித்தனர். 2016இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டிலிருந்து 3 ஆயினர். அந்த நாட்டினர் செய்தவற்றில் விந்தை ஏதுமில்லை. மாணவர்களிடம் பெயர் கேட்காமல் தொடர்ந்து கணக்கெடுத்தனர். முடிவை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் காலம் தாழ்த்தாமல் தெரிவித்தனர். பெற்றோர் தங்களுக்குள் கூடிப் பேசி, பிள்ளைகள் எந்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், வயது வராதவர்க்கு மது வாங்கித் தரக் கூடாது என்பன போன்றவற்றை ஒப்புக்கொண்டனர். விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றில் சேரத் தலைநகர் ரெய்க்யவிக் ஒவ்வொரு பிள்ளைக்கும் உதவித்தொகை வழங்கியது.

அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் இளையோர் குடிப்பது குறைந்தது. எனவே பெருமை முழுவதும் இந்தத் திட்டத்துக்கே உரியது என்று நாங்கள் கூற மாட்டோம். ஆனால் அமெரிக்காவில் இதைவிடக் கண்டிப்பான சோதனை ஒன்று நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கேட்டலானோ ஆகியோர் உருவாக்கிய ஊர்க் குழு முறையை, ஏழு மாநிலங்களைச் சேர்ந்த 24 சிற்றூர்களில் 2003 முதல் ஆராய்ந்தனர். சீட்டுக் குலுக்கியதைப் போல 12 ஊர்களைத் தேர்ந்து அங்கே மட்டும் குழுக்களை அமைத்தனர். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மதுவையும் சிகரெட்டையும் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு, குழு இருந்த ஊர்களின் பிள்ளைகளிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஒரு புதிய மருந்தை எந்த முறையில் சோதிக்கிறோமோ, அதே முறையில் கிடைத்த சான்று இது.

நம் ஊரில் யார் கூடுவது?

"அது பணக்கார நாடு; இங்கே நடக்குமா?" என்று கேட்கலாம். நமக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ஊராட்சிகளில் ஆண்டுக்குப் பல முறை கிராம சபை கூடுகிறது. இவ்விரண்டில் ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து பேர் முன்வந்தால் போதும். தலைமையாசிரியர், கிராம செவிலியர், காவல் நிலையத்தின் சார்பு ஆய்வாளர், மருந்துக் கடைக்காரர், பெட்டிக்கடை உரிமையாளர், இளைஞர் விளையாட்டு மன்றத்தினர், பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவர் என அனைவரும் ஒரே பாயில் அமர வேண்டும்.

குழுவின் முதற்பணி தன் ஊரை அறிவது. ஓரிடத்தில் வாயில் அடக்கும் புகையிலை, இன்னோரிடத்தில் கஞ்சா, வேறோரிடத்தில் வலி மாத்திரை. சிறுவர்களிடையே பஞ்சர் ஒட்டும் பசையும் எழுத்தை அழிக்கும் திரவமும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, நுகர்ந்து போதை ஏற்றும் பொருள்களை மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களே அதிகம் பயன்படுத்துகின்றனர் எனக் காட்டியது. எது புழங்குகிறது என்று தெரியாமல் எதைத் தடுப்பது?

இரண்டாவது பணி, ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்கு உயிர் கொடுப்பது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென 2003ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. 21 வயது நிரம்பாதவருக்குத் தமிழ்நாட்டில் மது விற்கக் கூடாது. சிறார்க்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. ஒரு தாய் தனியே போய்க் கடைக்காரரிடம் கேட்டால் அவருக்குப் பகைதான் மிஞ்சும். ஊர் கூடிக் கேட்கும்போது அது வேண்டுகோளாகவும் இருக்கும்; எச்சரிக்கையாகவும் இருக்கும்.

மூன்றாவது பணியையே மிக முக்கியமானதாக நாங்கள் கருதுகிறோம். பள்ளி விட்ட பின் இருள் கவியும் வரையிலான அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டுவதாக மாற்ற வேண்டும். பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடலைத் திறந்து விடுவது, கபடி அணிக்கும் சிலம்பத்துக்கும் பறை பயிற்சிக்கும் ஓர் ஆசானைத் தேடுவது, நூலகத்தை மாலையில் இயக்குவது ஆகியவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பொறுப்பேற்கும் ஆள் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

எழும் மறுப்புகள்

"அரசே மதுக்கடை நடத்தும்போது ஊர்க் குழு என்ன செய்துவிடும்?" என்று சினத்தோடு கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதும் குடிமக்கள் கடமை. ஆனால் கடை மூடும் வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பதில்லை. மேலும், திருமண வீட்டின் மாடியிலும் துக்க வீட்டின் பின்கட்டிலும் கோப்பைகளைக் கழுவிவரச் சிறுவனை அனுப்புவது அரசன்று, நாம்தான்.

காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். விற்பவரைப் பிடிப்பதற்குக் காவல்துறை கட்டாயம் தேவை. பழகிவிட்ட மாணவனைப் பொறுத்தவரை, கைதும் பள்ளி நீக்கமும் அவனை அந்தக் கூட்டத்திடமே ஒப்படைத்துவிடுகின்றன. சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்கு உள்ளான பழக்க அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே வழி வைத்திருக்கிறது. சட்டம் காட்டும் இந்தக் கனிவை ஊரும் காட்ட வேண்டும்.

மூன்றாவது தடை மானம். "வெளியே தெரிந்தால் தங்கைக்குச் சம்பந்தம் அமையாது" என்று மறைத்து மறைத்தே, எளிதில் திருத்தியிருக்கக்கூடிய பழக்கம் தீராத நோயாகிவிடுகிறது. பக்கத்து வீட்டிலும் அதே துன்பம் இருப்பதை அறியாமல் இரு வீடுகளும் கதவை அடைத்துக்கொள்கின்றன. குழு என்று ஒன்று இருந்தால், எங்கே போய்ப் பேசுவது என்றாவது தெரியும். அங்கே சொல்லப்படுவது அங்கேயே இருக்கும் என்ற உறுதியை உறுப்பினர்கள் முதலிலேயே தர வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு

சிகிச்சைக்கும் துணைக்கும் இங்கே வந்துள்ள உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நோய் என்னவெல்லாம் பறிக்கும் என்பதை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் சொல்லுக்கு ஊரில் உள்ள மதிப்பு எங்கள் சொற்பொழிவுக்கு இல்லை. நலம் பெற்று ஊர் திரும்பியதும், பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள்.

அதற்கு முன் உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நாங்கள் எழுதித் தரும் வலி மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் எண்ணி வைத்துப் பூட்டில் வையுங்கள். மிஞ்சியவற்றை அலமாரியில் சேர்த்து வைக்காமல், அடுத்த முறை வரும்போது எடுத்துவந்து, என்ன செய்வதென மருந்தகத்தில் கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டிப் பிள்ளையை மருந்துக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் மகனிடமோ மகளிடமோ மாற்றம் தெரிந்து ஐயம் எழுந்தால், அடிப்பதற்கும் அழுவதற்கும் முன் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அல்லது எங்களில் எவரிடமேனும் தனியே பேசுங்கள். பிள்ளையின் எதிரில்தான் பேச வேண்டும் என்பதில்லை. எவ்வளவு முன்னதாக வருகிறீர்களோ, அவ்வளவு குறைந்த மருந்தே தேவைப்படும். ஊர்க் குழுக்கள் தம் பணியைச் செய்து, இந்த வரிசையில் இளைஞர்களின் எண்ணிக்கை குறையுமானால், அதைவிட நாங்கள் மகிழும் செய்தி வேறிருக்க முடியாது.