தணிக்கை இல்லாத நாட்டில் போர்ச்செய்தி

அமெரிக்காவில் செய்தித் தணிக்கை அதிகாரி என்று ஒருவர் இல்லை. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதனையும் காங்கிரஸ் இயற்றலாகாது என 1791இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் விதிக்கின்றது. 1971இல் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களை நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்டபோது, அதனைத் தடுக்க முனைந்த நிக்சன் அரசுக்கு உயர் நீதிமன்றம் இடங்கொடுக்கவில்லை. பத்திரிகை நிலையங்கள் எரிந்ததைக் கண்டு வந்த எம்மவர்க்கு இது பெரும் பேறாகவே தோன்றும். பேறுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், ஈராக்குடன் அந்நாடு நடத்திய இரு போர்களுக்கு முன்னரும் பொய்ச் செய்திகள் மக்கள் மனத்தில் ஆழமாக விதைக்கப்பட்டன. அவற்றை அச்சேற்றும்படி எந்த அதிகாரியும் கட்டளையிடவில்லை. அவ்வாறாயின் அவை எவ்வழியாக வந்தன?

குவைத்தை ஈராக் கைப்பற்றிய இரண்டு மாதங்களின் பின், 1990 ஒக்ரோபர் 10ஆம் நாள், வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் சிலர் அமைத்திருந்த மனித உரிமைக் குழுவின் முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி சாட்சியமளித்தாள். நயீரா என்ற பெயர் மட்டுமே வெளியிடப்பட்டது. வைத்தியசாலையொன்றில் ஈராக்கியப் படையினர் குறைமாதக் குழந்தைகளை வெப்பப் பெட்டிகளிலிருந்து எடுத்துத் தரையிற் போட்டுச் சாகவிட்டதைக் கண்ணாற் கண்டதாக அவள் அழுதழுது கூறினாள். தொலைக்காட்சிகள் அதனை நாடெங்கும் கொண்டுசென்றன. ஜனாதிபதி புஷ் தம் உரைகளிற் பலமுறை எடுத்தாண்டார். சர்வதேச மன்னிப்புச் சபையும் 312 குழந்தைகள் மாண்டதாக டிசெம்பரில் அறிக்கையிட்டது. பின்னர் அதனை மீளப் பெற்றுக்கொண்டது. 1991 ஜனவரி 12இல் செனட் சபை 52க்கு 47 என்ற வாக்குகளாற் போருக்கு அனுமதி வழங்கிற்று.

அச்சிறுமி அமெரிக்காவிற்கான குவைத் தூதுவரின் மகள் என்பது 1992 ஜனவரியிலேதான் வெளிவந்தது. சாட்சியத்திற்கான ஏற்பாடுகளைச் செய்தது ஹில் அன்ட் நோல்ற்றன் என்னும் விளம்பர நிறுவனம். அதற்கான பணம் பெரும்பாலும் குவைத் அரசினுடையது. முறையான காங்கிரஸ் விசாரணைக் குழு அன்றாதலால் அங்கு சத்தியப்பிரமாணமும் தேவைப்படவில்லை. 'இந்தப் பிள்ளை யார்?' என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அக்கேள்வி ஓராண்டுக்கு மேல் தாமதித்தே எழுந்தது.

குவைத்தில் ஈராக்கியப் படையினர் புரிந்த கொலைகளும் சித்திரவதைகளும் மெய்யானவை என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். அவற்றைக் கண்ட உண்மைச் சாட்சிகள் இருந்தனர். தம் வாய்மொழி நம்பப்பட்டாலன்றி வதிவிட அனுமதி கிட்டாத நிலையிலுள்ள எம் வாசகர் பலருக்கு, ஒரு பொய்ச் சாட்சி அம்பலமானால் அதன் பின் வரும் நூறு மெய்ச் சாட்சிகளும் எத்தகைய பார்வைக்கு ஆளாகின்றனர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

போர் தொடங்கியபின் செய்தியாளர் சிறுசிறு குழுக்களாக இராணுவத் துணையுடனேயே களத்திற்குச் செல்ல அனுமதிக்கப்பட்டனர்; அவர்தம் செய்திகள் அதிகாரிகளின் பார்வைக்குச் சென்றே வெளியாயின. இதன் பின்னால் இருந்தது வியட்நாம் பற்றிய ஒரு நம்பிக்கை. தொலைக்காட்சியே அப்போரைத் தோற்கடித்தது எனப் படைத்துறை வட்டாரங்கள் நெடுங்காலம் நம்பின. 1968 பெப்ரவரியில் வோல்ற்றர் குரொன்கைற் என்னும் புகழ்பெற்ற செய்தியாளர், போர் முடிவின்றித் தேங்கி நிற்கின்றது எனத் தொலைக்காட்சியிற் கூறியதைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அதற்கு முன்னதாக, 1967 ஒக்ரோபரில் நடந்த கலப் கருத்துக்கணிப்பிலேயே படை அனுப்பியது தவறு என்போர் 47 வீதமாகவும் தவறன்று என்போர் 44 வீதமாகவும் இருந்தனர். அவ்வாண்டு முடிவில் மாண்ட அமெரிக்கப் படையினர் தொகை ஏறத்தாழ 20,000. ஊர்தோறும் சவப்பெட்டிகள் வந்திறங்கிய பின்னரே மக்கள் மாறினர்; தொலைக்காட்சி அவர்களைப் பின்தொடர்ந்தது.

பிறர் பிணங்களுக்கு இத்தகைய வலிமை இருப்பதில்லை. 1992 டிசெம்பரில் பட்டினியால் வாடிய சோமாலியாவின் கரையில் அமெரிக்கப் படையினர் இறங்கியபோது, படப்பிடிப்பு விளக்குகள் அவர்களுக்கு முன்னரே அங்கு காத்து நின்றன. 1993 ஒக்ரோபரில் மொகடிசு நகரில் 18 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அவர்களில் ஒருவரின் உடல் தெருவில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சி வெளியானதும், 1994 மார்ச் இறுதிக்குள் வெளியேறுவதென ஜனாதிபதி கிளிண்டன் அறிவித்தார். அதற்கு மறு மாதம் ருவாண்டாவில் படுகொலை தொடங்கிற்று. நூறு நாட்களில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். இனப்படுகொலை என்ற சொல்லைத் தவிர்க்கும்படி இராஜாங்கத் திணைக்களப் பேச்சாளர்கள் பணிக்கப்பட்டிருந்தனர். அக்கொலைகள் நடந்துகொண்டிருந்த ஜூன் 17ஆம் நாள் மாலை, ஏறத்தாழ 9½ கோடி அமெரிக்கர் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது உண்மை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் உதைபந்தாட்ட வீரர் ஓ.ஜே. சிம்சனின் வாகனத்தைப் பொலிசார் துரத்துவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். படப்பிடிப்பாளர் ஆபிரிக்காவிற் பெருந்தொகையாகக் குவிந்தது ஜூலையில், எல்லைக்கப்பாலுள்ள கோமா முகாம்களில் வாந்திபேதி பரவியபோதுதான். அம்முகாம்களில் இருந்தோருட் கொலைகாரர்களும் கலந்திருந்தனர்.

இனி 2002. அணுவாயுதத்திற்கான யுரேனியத்தைச் செறிவூட்டவென ஈராக் அலுமினியக் குழாய்களை வாங்க முயல்வதாக நியூயோர்க் ரைம்ஸ் செப்டெம்பர் 8ஆம் நாள் முதற்பக்கத்தில் எழுதிற்று. செய்தியைக் கொடுத்தோர் பெயர் குறிப்பிடப்படாத அரசாங்க அதிகாரிகள். அதே ஞாயிறு காலை துணை ஜனாதிபதி செய்னி தொலைக்காட்சியில் தோன்றி, அப்பத்திரிகைச் செய்தியையே ஆதாரமாகச் சுட்டிக் காட்டினார். தாம் எழுதிய கடிதத்தைத் தாமே தபாலிற் பெற்று வியப்பது போன்றது இது. அக்குழாய்கள் சாதாரண ரொக்கட்டுகளுக்கே பொருந்துவன என எரிசக்தித் திணைக்கள நிபுணர்கள் கூறிவந்தனர். 2003 மார்ச்சில் படையெடுப்பு நிகழ்ந்தது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஈராக் பற்றிய தன் செய்திகள் சிலவற்றைப் போதிய கடுமையுடன் சோதிக்கவில்லை என அப்பத்திரிகை 2004 மே 26இல் ஒப்புக்கொண்டது.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் சதாமுக்குப் பங்கிருக்கக்கூடும் என, 2003இல் வாஷிங்டன் போஸ்ற் நடத்திய கணிப்பொன்றில் 69 வீதமான அமெரிக்கர் கருதினர். புஷ்ஷின் மகனான அன்றைய ஜனாதிபதி அவ்வாறு நேரடியாகச் சொன்னவரல்லர். இரு பெயர்களும் ஒரே மூச்சிற் பன்முறை உச்சரிக்கப்பட்டன, அதுவே போதுமாயிற்று.

இக்காலத்தில் உண்மையை எழுதியோரும் இருந்தனர். முப்பதுக்கு மேற்பட்ட பிராந்திய நாளிதழ்களை நடத்திய நைற் ரிடர் நிறுவனத்தின் வாஷிங்டன் செய்தியாளர்கள், அமைச்சர்களை விடுத்து இடைநிலை அதிகாரிகளையும் புலனாய்வு நிபுணர்களையும் தேடிச் சென்று, ஆதாரங்கள் வலுவற்றவை எனத் தொடர்ந்து எழுதினர். தலைநகரிலோ நியூயோர்க்கிலோ அவர்களுக்குப் பத்திரிகை இல்லை. ஆதலால் அதிகாரத்திலிருந்தோர் காலையில் அதனைப் படிக்கவில்லை. அவர்களது சொந்த ஏடுகள் சிலவே அச்செய்திகளை வெளியிடத் தயங்கின.

அமைச்சருக்கு அருகில் அமர்வதே செய்தியாளரின் பலம் எனக் கருதப்பட்டது. அந்த அருகாமையே அவரைக் கட்டிப்போட்டது என்பது எமது கணிப்பு. இன்று அதன் மறுபக்கமும் தெரிகின்றது. 2020 தேர்தலில் மோசடி நடந்ததென்ற கூற்றை ஒளிபரப்பிய ஃபொக்ஸ் நிறுவனம், வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியனுக்கு 2023இல் 78 கோடியே 75 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. அதனுள்ளே பலர் அக்கூற்றை நம்பவில்லை என்பதையும், தம் பார்வையாளர் போட்டி நிலையத்திற்குச் சென்றுவிடுவர் என அஞ்சினர் என்பதையும் வழக்கு ஆவணங்கள் காட்டின. முன்பு அதிகாரிக்கு அஞ்சினர். இப்போது பார்வையாளருக்கும் அஞ்ச வேண்டியுள்ளது.

2025 ஒக்ரோபரில் பென்டகன் விதித்த புதிய நிபந்தனைகளில் ஒப்பமிட மறுத்து, பெரும் செய்தி நிறுவனங்கள் அநேகமாக அனைத்தும், ஃபொக்ஸ் உட்பட, தம் நுழைவு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து வெளியேறின. 1991இல் இத்துணிவைக் காண முடியவில்லை. கட்டடத்திற்கு வெளியே நின்று செய்தி திரட்ட முடியும் என்பதற்கு நைற் ரிடர் சான்று. அந்நிறுவனமோ 2006இல் விற்கப்பட்டுவிட்டது. அதனை வாங்கிய மக்கிளாச்சி 2020இல் வங்குரோத்து மனுச் செய்தது. 2005க்குப் பின் அந்நாட்டுப் பத்திரிகைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மூடப்பட்டுள்ளன.