சீட்டில் விடுபடும் ஒரு வரி



சர்க்கரை நோய் பற்றி எப்போது எழுதினாலும், வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “நான் என்னதான் சாப்பிடுவது?” டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், “அரிசியைக் குறைங்கன்னார்” என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. டயட்டீஷியனைப் பாருங்கள் என்று சீட்டில் எழுதித் தந்ததாகச் சொல்பவர்கள் அரிது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வாசலில் வரிசை நிற்கும்போது டாக்டரால் ஒருவருடைய சாப்பாட்டைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? டயட்டீஷியனிடம் அனுப்பலாம் என்றாலும் எங்கே அனுப்புவது? பெரிய ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியன் பெரும்பாலும் உள்நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கிறார். வெளியே பார்த்தால் தனி ஃபீஸ். சாதாரண மருத்துவக் காப்பீடு அதற்குக் கைகொடுப்பதில்லை. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். அருமையான திட்டம். அந்தக் குழுவில் ஒரு டயட்டீஷியனும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அவருக்குப் பதிலாக நம் கையில் கிடைப்பது ஒரு ஜெராக்ஸ் தாள். ‘மதியம்: சாதம் 1 கப்’. எந்தக் கப்? ராத்திரி இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடும் லாரி டிரைவருக்கும், காலையில் கம்பங்கூழ் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போகும் அம்மாவுக்கும் அதே தாள்! இன்சுலின் போட்டுக்கொள்பவர் தானாகவே சாப்பாட்டை வெட்டினால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும் என்று அந்தத் தாள் எச்சரிப்பதில்லை.

நம் பக்கமும் ஒரு தயக்கம் இருக்கிறது. “போனால் சோத்தையே நிறுத்திடுவாங்க” என்ற பயம். நல்ல டயட்டீஷியன் முதலில் கேட்பது, நீங்கள் எப்போது, எதை, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான். உங்கள் சோற்றிலிருந்துதான் அவர் கணக்கைத் தொடங்குவார்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, “டயட்டீஷியனுக்கு ஒரு வரி எழுதித் தாங்க” என்று நீங்களே கேளுங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைப்பவரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். கேட்டு மறுக்கப்பட்டால் என்ன காரணம் சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அனுப்பப் போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்