ஓரிடம், இரு பெயர்

வெலிமடையை அடுத்த தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் வாசிக்கும் சிறு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் அவர் பொறுப்பாம். கூட்டாளிகள் ‘எஃப் ஷார்ப்’ என்றும் ‘பி பிளாட்’ என்றும் கூறும்போது விரல் தடுமாறுகிறது. ஆங்கிலப் படிப்புக் குறைந்த தமக்கு இவ்வாத்தியம் வாய்க்காதோ என்று சோர்ந்திருக்கிறார். சோர்வுக்கு இடமில்லை. 1970களில் ஏ. ஈ. மனோகரன், நிதி கனகரத்தினம் முதலியோரின் பொப்பிசையால் தமிழோடு இழைந்துவிட்ட வாத்தியமன்றோ கிற்றார்!

முன்னாளில் பேஸ் வாசித்தோர் ஆளுயர டபிள் பேஸில் மெட்டுகள் இன்றிச் செவியாலேயே இடத்தைத் தேடினர். 1951இல் அமெரிக்கரான லியோ பெண்டர் மெட்டுகள் பதித்த மின் பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொணர்ந்து, துல்லியம் எனப் பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்னும் பெயரைச் சூட்டினார். ஆகவே, இடத்தைக் காட்டுவதே மெட்டின் வேலை.

தந்திகள் நான்கு. தடித்ததிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி. ஒரு மெட்டு ஏறினால் அரைச்சுரம் ஏறும். 12ஆம் மெட்டில் அதே சுரம் மேல்ஸ்தாயியில் ஒலிக்கும். ஈக்கும் எஃப்புக்கும் நடுவிலும், பிக்கும் சிக்கும் நடுவிலும் வேறு மெட்டு இல்லை. ஏனைய இயற்கைச் சுரங்களின் நடுவே ஒவ்வொரு மெட்டு உண்டு. அவ்வைந்து இடங்களுக்கே இப்பெயர்கள் பெரிதும் வழங்கும். வாத்தியத்தின் உடலை நோக்கி ஒரு மெட்டு ஏறினால் ஷார்ப். தலையை நோக்கி ஒரு மெட்டு இறங்கினால் பிளாட். ஏற்ற இறக்கத்தை மலைநாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டுமா? தடித்த தந்தியில் முதல் மெட்டு எஃப், மூன்றாவது ஜி. நடுவிலுள்ள இரண்டாவது, எஃப் ஷார்ப். ஜி பிளாட்டும் அதுவே.

ஏ பிளாட் வேண்டுமெனில் ஏ தந்தியில் இறங்க இடமில்லையே எனலாம். அதற்கடுத்த தடித்த தந்தியின் 4ஆம் மெட்டிற்குச் செல்க. டி பிளாட்டுக்கும் ஜி பிளாட்டுக்கும் இதுவே வழி. ஈ தந்திக்கு மேலும் தடித்த தந்தி இல்லாமையால், ஈ பிளாட்டை டி தந்தியின் முதல் மெட்டில் காண்க.

ஓரிடத்திற்கு இரு பெயர் எதற்கு? நம் வீணையிலும் ஸ்தாயி ஒன்றுக்கு இடங்கள் 12, சுரப்பெயர்கள் 16. சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே மெட்டு. கனகாங்கியில் ரிஷபம் முன்பே வந்துவிடுவதால் அம்மெட்டு காந்தாரமாகிறது. அவ்வாறே எஃப் மேஜரில் ஏ முன்பே வந்துவிடுவதால், அடுத்த அரைச்சுரத்தை ஏ ஷார்ப் என்னாது பி பிளாட் என்பர். ஒருவரையே ஒரு பிள்ளை மாமா என்றும், மற்றொரு பிள்ளை சித்தப்பா என்றும் அழைப்பதில்லையா? உறவு நோக்கிப் பெயர் மாறுகிறது; ஆள் ஒருவரே.

வேலை முடிந்த மாலைகளில் கால்மணி நேரம் ஒதுக்குக. ஒரு சுரத்தை நான்கு தந்திகளிலும் தேடி, பெயரைச் சொல்லி மீட்டுக. முதலில் பி பிளாட் ஆகட்டும்: ஈ தந்தியில் 6, ஏ தந்தியில் 1, டி தந்தியில் 8, ஜி தந்தியில் 3. பந்தலில் பேஸின் ஒலியைத் தனித்துக் கேட்போர் சிலரே. ஆயினும் அது ஒரு மெட்டுத் தவறினால் பாடுவோரின் சுருதியே ஆட்டங்காணும். கேட்போர் அறியாமலே பாட்டைத் தாங்கி நிற்பது சிறிய பொறுப்பன்று.