அம்மாவின் கல்லறையும் நம்முடைய நித்தியமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார்கள். நவம்பர் 2 வருவதற்குள் அம்மா கல்லறைக்குக் கிரானைட் போட்டுவிட வேண்டுமாம். கறுப்புக் கல், பொன்னெழுத்து, தலைமாட்டில் சிலுவை. கல் வேலை செய்கிறவர் 75,000 ரூபாய் கேட்கிறாராம். மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். “என்ன வசனம் எழுதலாம்னு நீ பார்த்துச் சொல்லு. நீதான டீச்சர்” என்று என் தலையில் ஒரு வேலையையும் வைத்தார்கள்.

பைபிளை எடுத்துவைத்து மூன்று நாள் உட்கார்ந்தேன். உயிர்த்தெழுதலைப் பற்றி வசனமா இல்லை? எனக்கே ஐம்பது வசனம் மனப்பாடம். ஆனால் எதையும் எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் பற்றிய சில காரியங்களும் இதில் வரும். என் வயதில் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் 33 வருடம் ஆசிரியையாக இருந்தேன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான். ஓய்வு பெற்றதும் சபையில் பெண்கள் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டார்கள். பக்கத்துச் சபைகளிலும் கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்த தலைப்பு நித்தியம். ஒரு படி நிறைய அரிசி கொண்டுபோவேன். ஒரே ஒரு மணியை எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டுவேன். “இதுதான் நம்முடைய எழுபது எண்பது வருஷம். மீதிப் படி முழுவதும் நித்தியம். அதற்கும்கூட இந்தப் படி போதாது” என்பேன். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கையில் ஏதாவது இல்லாமல் பேச வராது. எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். சிலர் அழுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. இருதயம் பலவீனமாக இருந்ததால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் மூன்று வருடமும் இரண்டு மாதமும் படுக்கை. அம்மா இருந்தது என் தங்கை வீட்டில். தங்கை தையல் வேலை செய்கிறவள். திண்ணையில் மிஷின், உள்ளே கட்டிலில் அம்மா. அண்ணன் மாதா மாதம் பணம் அனுப்பினார்கள், அதில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நான் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவேன், தலைமாட்டில் நின்று ஜெபம் பண்ணுவேன், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன்.

ஒரு நாள் தங்கை கேட்டாள். “யக்கா, எனக்குக் காய்ச்சலா இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் நீ இருந்து அம்மாவுக்குத் துடைச்சு விட்டுட்டுப் போறியா?” எனக்கு அன்று மத்தியானம் ஒரு கூட்டம். நோட்டீஸில் பேர் போட்டுவிட்டார்கள் என்றேன். “சரிக்கா, நீ போ. உனக்கு ஊழியம் இருக்குல்லா” என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். அது இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கும் அரிசிப் படியோடு நாற்பது நிமிஷம் பேசினேன்.

கூட்டம் ஒரு சாக்குதான். உண்மையான காரணம் அந்த வாடை. 33 வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன், வகுப்பிலேயே வயிற்றால் போன குழந்தைகளைக் கழுவி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என் சொந்த அம்மாவின் பெட்பேனை எடுக்க என் கை நீளவில்லை. நித்தியத்தைப் பேசுகிறவளுக்கு ஒரு கட்டிலின் பக்கத்தில் நிற்கப் பயம்.

இது என் ஒருத்தியின் தப்பு மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். நாம் நித்தியம் என்ற சொல்லைப் பிடித்திருக்கும் விதத்திலேயே ஏதோ கோணல் இருக்கிறது.

ஒரு கூட்டத்தார் அதைப் பூமிக் காரியங்களிலிருந்து தப்பிக்கும் வாசலாக வைத்திருக்கிறார்கள். “இந்த உலகம் நமக்குச் சொந்தமில்லை” என்று சொல்லிவிட்டால் எதையும் கவனிக்க வேண்டியதில்லை. கடைசி காலம் என்று தேதி குறித்து வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைப் பகிர்கிற நேரத்தில் வீட்டில் பாதிச் சமையலை முடித்துவிடலாம். இது பழைய வியாதி. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வந்துவிடுவார் என்று காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே நிலத்தில் விட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னே, தெசலோனிக்கே சபையில் வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்து எழுதவேண்டி வந்தது. பவுலே கூடாரம் தைத்துச் சம்பாதித்தவர். என் தங்கை மாதிரி ஊசி பிடித்த கை.

இன்னொரு கூட்டத்தாருக்கு நித்தியம் சாவு வீட்டில் மட்டும் ஞாபகம் வரும். லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவான் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டானே, அந்த மாதிரி. இவர்களைப் பற்றி ஐயர்மார்களே போதுமான அளவு பேசுகிறார்கள், நான் வேறு எதற்கு. (எங்கள் ஓய்வூதியர் குரூப்பில் அகவிலைப்படி அறிவிப்பு வந்த அன்று பார்க்கவேண்டும். அப்படி ஒரு அல்லேலூயா ஆராதனையில்கூடக் கேட்காது. நானும் அதில் உண்டு.)

என்னைத் திருப்பிப் போட்டது யோவான் 13-ம் அதிகாரம். கால் கழுவுகிற சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் யோவான் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். தாம் பிதாவிடமிருந்து வந்ததையும், பிதாவிடமே திரும்பப் போவதையும், எல்லாம் தமது கையில் ஒப்படைக்கப்பட்டிருப்பதையும் இயேசு அறிந்திருந்தார் என்கிறார். அப்படி அறிந்தவர் அடுத்து என்ன செய்தார்? எழுந்தார், மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்தார், துண்டை இடுப்பில் கட்டினார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார். மறுநாள் சிலுவை. எங்கே போகிறோம் என்று முழுவதும் தெரிந்தவர் அந்தக் கடைசி இரவில் புழுதிக் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நித்தியத்தை அறிந்ததும் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்ததும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. நான் பல வருஷம் அந்த முதல் பாதியை வைத்தே பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். துண்டைக் கட்டவே இல்லை.

நம் பக்கத்தில் இதை வாழ்ந்து காட்டிய ஒரு அம்மாவைச் சொல்லாமல் முடியாது. டோனாவூர் ஏமி கார்மைக்கேல். (ஊர்ப் பேரே டோனா என்ற ஜெர்மானியப் பிரபு கொடுத்த உதவியால் வந்ததுதான். நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.) 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். சாகும்வரை ஒரு தரம்கூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. முதலில் அவர் செய்தது ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் வேலை. 1901-ல் கோவிலுக்குக் கொடுக்கப்பட இருந்த ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள், கைக்குழந்தைகளும்கூட. பிரசங்கம் பண்ணவேண்டியவர்கள் ஆயா வேலை பார்ப்பதா, இது ஊழியமா என்ற கேள்வி எழுந்தது. அவர் மனதிலேயே அந்தப் போராட்டம் இருந்தது. அவருக்குப் பதில் கிடைத்த இடம் இதே யோவான் 13, இதே துண்டு.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேதான். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார். பிறரைக் கவனித்தவரை அந்த இருபது வருடமும் பிறர் கவனித்தார்கள். யாரோ அவருக்கும் வெந்நீர் வைத்திருப்பார்கள், படுக்கை விரிப்பு மாற்றியிருப்பார்கள். அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் இல்லை. 1951 ஜனவரி 18-ல் இறந்தார். தன் கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல் தொட்டி ஒன்றை அங்கே வைத்தார்கள். தாயைக் கூப்பிடுகிற ஒரே சொல்தான் அதில்.

பல வருடத்துக்கு முன் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். அப்போது எனக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பதுதான் கவலை. அந்தத் தொட்டி இப்போதுதான் கண்முன் வருகிறது.

மார்த்தாள், மரியாள் கதையைச் சொல்லி யாராவது என்னை மடக்குவீர்கள் என்று தெரியும். பாதத்தில் உட்கார்ந்தவள்தானே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள்? நானும் அதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். என் மனதுக்குள் நான் மரியாள், தங்கை மார்த்தாள். ஆனால் லூக்கா 10-ல் அந்தச் சம்பவத்துக்குச் சற்று மேலேயே நல்ல சமாரியன் கதை இருக்கிறது. காயப்பட்டவனைக் கண்டு விலகிப் போன ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் எங்கேயோ நோட்டீஸில் பேர் போட்டிருந்திருக்கும்.

கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் இன்னும் பேசப் போகிறேன். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது பாவம் என்றும் சொல்லவில்லை. முதுகுவலிக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? நான் நாலு கிலோமீட்டரில் இருந்தேன். என் கணக்கு வேறு.

இப்போது கிரானைட்டுக்கு வருகிறேன். என் கருத்து வேண்டாம் என்பதுதான். கல்லறை கட்டுகிறவர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் காரியத்தைச் சொல்கிறேன். அம்மா உயிரோடு இருக்கையில் செய்யாததை நானும் அண்ணனும் கல்லில் செய்யப் பார்க்கிறோம். உயிர்த்தெழுதலை நம்புகிறோம் என்று பொன்னெழுத்தில் எழுதுகிற உரிமை எங்கள் மூன்று பேரில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குத் தொகை எவ்வளவு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். 25,000 ரூபாய்க்கு அவள் எத்தனை ஜாக்கெட் தைக்கவேண்டும்?

நேற்று முன்தினம் நேரில் போனேன். அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவளுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. “எத்தனையோ நாள் காய்ச்சல் வந்துச்சு, அதுல எது?” என்றாள். கல்லறைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். “சிமெண்ட்ல ஒரு வெடிப்பு இருக்குக்கா. மழைக்குத் தண்ணி இறங்குது. அதை மட்டும் பூசச் சொல்லு. பேரும் தேதியும் இருக்கு, போதும்.”

அம்மாவின் ஏர் பெட் எங்கே என்று கேட்டேன். படுக்கைப் புண்ணுக்காக வாங்கினோமே, அது. கீழத் தெருவில் ஒரு பாட்டி படுக்கையில் இருக்கிறார்களாம், அப்போதே கொடுத்துவிட்டாளாம். அவளே வாரம் இரண்டு நாள் போய்த் துடைத்தும் விட்டு வருகிறாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதும் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். நேற்றுதான் முதல் நாள். அவள் கூட நின்று காட்டிக்கொடுத்தாள். ஒரு பக்கமாகப் புரட்டும்போது எங்கே கை கொடுக்கவேண்டும், விரிப்பை எப்படிச் சுருட்டி இழுக்கவேண்டும் என்றெல்லாம். எனக்குக் குமட்டியது, வெளியே வந்து நின்றேன், மறுபடி உள்ளே போனேன். அந்தப் பாட்டி என்னை யாரோ புது நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள்.

அண்ணன் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும். அண்ணே, கோபப்படாதீங்க. பணத்தை அனுப்பிராதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேலே நான் கூப்பிடுறேன். பேசுவோம்.