மகமையும் இரண்டு சதவீதமும்

விருதுநகர்ப் பேட்டையில் பருத்திப் பொதியோ மிளகாய் வற்றல் மூட்டையோ கைமாறும்போதெல்லாம், விலையோடு சேர்த்து ஒரு சிறு தொகையை மகமை என்று எடுத்து வைத்து, அந்தப் பணத்தைக் கொண்டே கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் ஏற்படுத்திய நாடார் வணிகர்களுடைய ஏற்பாட்டை, இன்று கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் அதிகமாக நினைவுகூர்வதில்லை. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை, வீடுதோறும் உலை வைக்குமுன் ஒதுக்கிய பிடி அரிசியால் நடந்த பள்ளிக்கூடம். மகமை முற்றிலும் மனமுவந்த கொடை என்று சொல்வதற்கில்லை. கொடுக்க மறுத்தவன் அந்த ஊரில் கடை நடத்துவது சிரமம். அதன் பலனும் பெரும்பாலும் ஒரு சமூகத்தின் எல்லைக்குள்ளேயே நின்றது. ஆயினும், கொடுத்தவனுக்கு உறவின்முறை என்ற சமூகச் சங்கத்தின் கூட்டத்தில் ஓர் இடம் இருந்தது. நிர்வாகம் செய்த முறைகாரர்கள் முறைவைத்து மாறினார்கள். பணம் என்னவாயிற்று என்று கேட்கிற பாத்தியதை மூட்டை ஒன்றை விற்றவனுக்கும் நூறு விற்றவனுக்கும் பொதுவாக இருந்தது.

வணிகர் தம் சரக்கின்மீது தாமே வரி விதித்துக்கொண்டு தர்மத்துக்குக் கொடுப்பது இங்கே நேற்று முளைத்த வழக்கமும் அன்று. பிரான்மலைக் கோயிலுக்காகப் பல ஊர் வணிகர்கள் கூடி, பொதிக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட செய்தி 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. 1926-இல் கோயம்புத்தூரில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வர் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது, நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கென்று எழுதிவைத்தார்கள், பி.எஸ்.ஜி. கல்வி ஸ்தாபனங்களெல்லாம் அந்த ஐந்தாம் பங்கில் வளர்ந்தவை.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், தன் 135-ஆவது பிரிவினால், இந்தத் தர்மத்துக்கு ஒரு கணக்கு வகுத்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற இவற்றில் ஏதேனும் ஒரு வரம்பை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற விதி. இது நல்ல சட்டம் என்பதே என் அபிப்பிராயம். ஒன்றுமே கொடாத கம்பெனி வெட்கப்படாமல் இருந்த காலத்துக்கு அது ஒரு முடிவு கட்டிற்று. செலவழிக்காத பணத்தை முடக்கி வைக்க முடியாதபடி வேறு நிதிக்கு மாற்றியாக வேண்டும் என்பதும், சொந்தச் சரக்கின் விளம்பரத்துக்காகச் செய்கிற செலவு இந்தக் கணக்கில் சேராது என்பதும் 2021 முதல் கண்டிப்பாயின. ஆனால் பணம் எங்கே, எதற்கு, யாருக்கு என்று தீர்மானிக்கிற குழுவில் சட்டப்படி அமர்கிறவர்கள் டைரக்டர்கள் மட்டுமே. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடு என்று சட்டம் சொல்கிறது. அது வழிகாட்டுதலே ஒழியக் கட்டளை அன்று என்று மத்திய அரசின் இலாகாவே பிற்பாடு விளக்கம் கொடுத்துவிட்டது. லாபத்தை உண்டாக்கிய தொழிலாளிக்கோ, இந்த ஏற்பாட்டில் எந்த இடமும் இல்லை.

இதன் விளைவை ஆலைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பார்க்கலாம். தாழ்வாரத்தில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். அதற்கு மேலே, பள்ளிக்கூடத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், கொடுத்தவர்களின் பெயரும் திறந்து வைத்தவரின் பெயரும் தேதியும் பொறித்த கல். கீழே, திருகினால் காற்று மட்டும் வருகிற குழாய். இயந்திரம் வாங்க ஒதுக்கீடு இருந்தது. வடிகட்டியை மாற்றுவதற்கு மறு ஆண்டு ஒதுக்கீடு இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கிற தொழிலாளி ஒருவனைக் கேட்டிருந்தால், ஊருக்கு வேண்டியது இயந்திரமா, அல்லது மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு மோட்டாரா என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பான்.

ஊழியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுப்பது இன்னொரு விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2018-இல் கஜா புயலின்போதும் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் அநேகர். அவர்களில் பெரும்பாலோர் மனப்பூர்வமாகவே கொடுத்தார்கள். ஆயினும் அதற்குச் சம்மதம் கேட்கிற தாள் எப்படிச் சுற்றுக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருடைய பெயரும் முன்கூட்டியே தட்டச்சாகியிருக்கும்; விருப்பமில்லாதவர் மட்டும் எழுதிக் கொடுக்கலாம் என்று கீழே ஒரு வரி இருக்கும்; மேலதிகாரியின் கண்ணெதிரே அந்த வரியில் கையெழுத்துப் போடத் துணிகிறவன் யார்? பிரதம மந்திரியின் நிவாரண நிதிக்குக்கூட, ஊழியர் எழுத்து மூலம் சம்மதித்தாலன்றிச் சம்பளத்தில் பிடிக்கலாகாது என்றுதான் 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள அரசு தன் ஊழியரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டு, மறுப்பவர் மறுப்பை எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தபோது, அந்த நிபந்தனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அரசாங்கத்துக்கே ஆகாத காரியம் தனியார் மானேஜருக்கு எப்படி ஆகும்? பிடித்த பணத்தைக் கம்பெனியின் பெயரில் அட்டைச் செக்காக எழுதி, முதலாளி கையால் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது, ஊழியனின் தர்மத்தை முதலாளியின் கணக்கில் வரவு வைப்பதேயாகும்.

சனிக்கிழமைகளில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு மரம் நடப் போகிற வைபவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: குழி தோண்டுகிறவர்கள் ஊரார், கன்று வைக்கிறவர்கள் கம்பெனியார், தண்ணீர் ஊற்ற வேண்டியது மழை. அதே அரை நாளில் ஒரு கணக்கர் மகளிர் குழுவுக்குப் பேரேடு எழுதக் கற்றுக்கொடுப்பதும், ஒரு ஃபிட்டர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பதும் எத்தனையோ பிரயோஜனமானவை.

சில கம்பெனிகளில் ஊழியர் ஒரு ரூபாய் கொடுத்தால் கம்பெனியும் ஒரு ரூபாய் போடுகிற வழக்கம் இருக்கிறது. இதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஏனெனில் எந்தக் காரியம் உதவிக்குத் தகுந்தது என்பதை இங்கே ஊழியர் தேர்ந்தெடுக்கிறார், முதலாளி பின்தொடர்கிறார். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. டைரக்டர்கள் குழுவில் தொழிலாளிக்கு ஆசனம் கிடைக்காவிட்டாலும், குழு கூடுமுன் தொழிற்சாலையில் ஒரு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பதையும், சென்ற ஆண்டுச் செலவை டைம் ஆபீஸ் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுவதையும் எந்த விதியும் தடுக்கவில்லை.

அடுத்த புயலோ வெள்ளமோ வந்து, ஒரு நாள் சம்பளம் கேட்டு உங்கள் மேஜைக்கும் தாள் வருமானால், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன், கம்பெனி தன் பங்காக எவ்வளவு போடுகிறது, பணம் யார் பெயரில் போகிறது, ரசீது எப்போது வரும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.